மாரியில் தாள் ஏன் சாம்பல் பூக்கிறது?

ஐப்பசி, கார்த்திகையில் லேசர் பிரிண்டர் திருத்தும் எனக்கு வரும் அழைப்புகளில் அநேகமானவை ஒரே முறைப்பாடுதான். "அண்ணை, பிரிண்ட் எடுத்தால் தாள் முழுக்கச் சாம்பலாய் வருது, எழுத்தும் மங்கல். கறுப்பைக் கொஞ்சம் கூட்டிவிடட்டோ?"

கூட்டாதேங்கோ. கறுப்பைக் கூட்டும்போது டோனரை, அதாவது அச்சுத்தூளை, தள்ளும் மின்னழுத்தந்தான் மாறுகிறது. எழுத்து ஒரு பங்கு கறுத்தால், வெள்ளையாக இருக்கவேண்டிய இடம் இரண்டு பங்கு அழுக்காகும். அடுத்ததாகப் பலர் ட்ரம்மை, அதாவது தூளை ஏந்தித் தாளுக்குக் கொடுக்கும் உருளையை, சந்தேகித்துக் காசைக் கொட்டுகிறார்கள். கிளிநொச்சி, மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் நான் பார்க்கும் இயந்திரங்களில் கோளாறு பெரும்பாலும் தூளில்தான். அதுவும் தூளின் கறுப்பில் இல்லை, அதன்மேல் படிந்திருக்கவேண்டிய, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தூளில்.

டோனர் என்றால் கரித்தூள் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதில் பெரும்பங்கு பிளாஸ்டிக்: ஸ்டைரீன் அக்ரிலேட் அல்லது பொலியெஸ்டர். அதற்குள் கறுப்புக்குக் கார்பன் பிளாக், கொஞ்சம் மெழுகு, மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சேர்மானம். தூளை எழுத்து இருக்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டுபோவது அந்த மின்னேற்றந்தான். சிலவகைகளில் இரும்பு ஒட்சைட்டும் உண்டு. ஒரு மணியின் விட்டம் 5 முதல் 10 மைக்ரோன் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று ஒரு மைக்ரோன்). இவ்வளவு சிறுத்துவிட்டால் மணிக்கும் மணிக்கும் இடையிலான ஈர்ப்பு அவற்றின் எடையைவிடப் பெரிதாகிவிடும். சும்மா விட்டால் கட்டியாகி நிற்கும், ஓடாது.

அதனால்தான் கடைசிக் கட்டத்தில், வேகமாகச் சுழலும் கலவை இயந்திரத்தில் போட்டு, மணிகளின்மேல் மிக நுண்ணிய சிலிக்காவை (வெள்ளை மணலின் அதே பொருள்) பூசுகிறார்கள். ரொட்டி உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மேலே மா தூவுகிறோமே, அதே வேலைதான். சிலிக்காத் துகள் 7 முதல் 40 நானோமீட்டர் (மைக்ரோனில் ஆயிரத்தில் ஒன்று ஒரு நானோமீட்டர்). எவ்வளவு போடவேண்டும் என்பதில் ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. 8 மைக்ரோன் டோனருக்கு 12 நானோமீட்டர் சிலிக்காவை எடையில் 1 சதவீதம் சேர்த்தாலே, ஒழுங்காகப் பரவினால், மேற்பரப்பு கிட்டத்தட்ட முழுவதும் மூடப்பட்டுவிடும். 40 நானோமீட்டர்த் துகள் என்றால் அதே மூடலுக்கு 3 சதவீதத்துக்கு மேல் வேண்டும். துகள் சிறுக்கச் சிறுக்கக் குறைவாகவே போதும்.

அப்படியென்றால் சிறியதையே போட்டு முடிக்கலாமே? முடியாது. காட்ரிஜுக்குள் டோனர் சும்மா இருப்பதில்லை. கிளறப்படுகிறது, உருளைக்கும் தகட்டுக்கும் இடையில் நசுங்கி உரசுகிறது. அந்த உரசலில்தான் மின்னேற்றம் பிறக்கிறது. ஆனால் அதே உரசல், சூட்டோடு சேர்ந்து, சின்னச் சிலிக்காவைப் பிளாஸ்டிக்குக்குள் புதைத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. மணி மட்டும் மொட்டையாகிவிடும். இதைத் தடுக்க 100 நானோமீட்டர் அளவில் பருத்த சிலிக்காவையும் சேர்க்கிறார்கள். அது முட்டுக்கொடுத்து நின்று அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். பருத்ததை மட்டும் போட்டால் ஓட்டம் குறையும், கழன்றும் விழும். கழன்ற சிலிக்கா ட்ரம்மில் ஒட்டினால் வால்முளைத்த புள்ளிகளாகத் தெரியும். தேவைக்கு மேல் ஓடும் தூளோ காட்ரிஜின் ஓரத்தால் கசியும். நல்ல டோனர் வடிவமைப்பு என்பது இந்த இழுபறிக்குள் அளவு பிடிப்பதுதான்.

இனி எங்கள் மாரிக்கு வருவோம். சிலிக்காவின் மேற்பரப்பு இயல்பாகவே ஈரத்தை இழுக்கும். ஈரம் படிந்தால் மின்னேற்றம் கசிந்துவிடும். ஏற்றம் குறைந்த மணியும் தவறான குறியில் ஏற்றம் பெற்ற மணியும் எங்கே போவது என்று தெரியாமல் வெள்ளை இடத்தில் போய் உட்காரும். நீங்கள் பார்க்கும் சாம்பல் அதுதான். இதற்காகவே சிலிக்காவை ஹெக்ஸாமெதில்டைசிலசேன் அல்லது சிலிக்கோன் எண்ணெய் கொண்டு பதப்படுத்தி, நீரை ஒட்டவிடாத தன்மைக்குக் கொண்டுவருகிறார்கள். பதப்படுத்திய சிலிக்காவைத் தண்ணீரில் தூவினால் மிதக்கும், பதப்படுத்தாதது நனைந்து தாழும். காட்ரிஜில் மீள நிரப்பும் மலிவு டோனர்ப் போத்தல்களில் முதலில் மிச்சம்பிடிக்கப்படுவது இந்தப் பதப்படுத்தல்தான் என்பது என் அனுமானம். ஆடியில் ஒழுங்காக அச்சடித்த தூள் கார்த்திகையில் காலைவாருவதற்கு எனக்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

குளிரூட்டிய வங்கி அறைகளில் நிலைமை தலைகீழ். காற்று வறண்டால் சிலிக்கா அளவுக்கு மீறி எதிர்மின்னேற்றம் பெறும். டோனர் உருளையை விட்டு வரமறுக்கும், எழுத்து வெளிறும். மேலதிக ஏற்றத்தை மெல்ல வடியவிடத்தான் டைட்டேனியம் டயொக்சைட் கொஞ்சம் சேர்க்கிறார்கள். அதன் மூலக் கனிமங்களான இல்மனைற்றும் ரூட்டைலும் கொக்கிளாய்க்குத் தெற்கே, புல்மோட்டை மணலில் கிடக்கின்றன. ஆனால் அந்த மணலுக்கும் போத்தலில் வரும் தூளுக்கும் இடையே எத்தனையோ படிகள் உண்டு.

1938 ஒக்டோபர் 22இல் நியூயோர்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் எடுத்த முதல் உலர் பிரதி, லைக்கோபோடியம் என்ற தாவரத்தின் வித்தித்தூளால் ஆனது. அந்தத் தூள் இயல்பாகவே நீரில் நனையாது, தண்ணீர்போல ஓடும். சிலிக்கா பூசி நாங்கள் தேடும் இரண்டு குணமும் அதில் முதலே இருந்தன.

சரி, கோளாறு தூளிலா, தாளிலா? அச்சடித்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் மூடியைத் திறந்து ட்ரம்மைப் பாருங்கள். வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தில் ட்ரம்மிலேயே சாம்பல் இருந்தால், மின்னேற்றப் பிரச்சினை. தூளைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். ட்ரம்மில் எழுத்து நல்ல கறுப்பாக நின்று தாளில் மட்டும் திட்டுத்திட்டாக வெளிறினால், தாள் ஈரம். சுற்றுறை பிரித்த தாள்கட்டைச் சீமெந்துத் தரையில் வைக்காமல், பிளாஸ்டிக் பையில் கட்டி மேலே வையுங்கள். அநேகமாக அதுவே போதும்.

தூளைக் கெடுப்பதில் நாங்களும் சளைத்தவர்கள் இல்லை. கழிவுப் பெட்டியில் சேரும் டோனரை "இதுவும் கறுப்புத்தானே" என்று திரும்பக் கொட்டுகிறார்கள். அது சிலிக்கா புதைந்த, கடதாசித் தூசி கலந்த தூள். கொஞ்சம் கலந்தாலும் புதுத் தூளின் ஏற்றத்தைக் குழப்பும். இன்னொன்று, "எல்லா மெசினுக்கும் பொருந்தும்" என்ற போத்தல். பிரதர், கியோசெரா இயந்திரங்களின் டோனர் நேர்மின்னேற்றம் பெறவேண்டும், எச்பி, கெனனுக்குப் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம். முன்னதற்கு நைக்ரோசின் போன்ற சேர்மானம் போடுவார்கள், பின்னதற்குச் சாலிசிலிக் அமில உலோகச் சேர்மங்கள். ஒரே தூள் இரண்டுக்கும் ஆகாது. விற்பவரிடம் எந்த மொடலுக்கு என்று கேளுங்கள். "எல்லாத்துக்கும் போடலாம் தம்பி" என்றால் காசை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

ஒரு நாளைக்கு நாலுவரிக் கடிதம் ரெண்டு மூன்று எடுக்கும் அலுவலகத்தில் டோனர் பழுதாவது பலருக்கு வியப்பு. தூள் வெளியேறாமல் உள்ளேயே திரும்பத் திரும்ப அரைபடுவதால், தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் அடிக்கும் பாடசாலையைவிட அங்கேதான் சிலிக்கா அதிகம் புதைகிறது. அப்படியான இடத்துக்குப் பெரிய காட்ரிஜ் வாங்குவது சிக்கனம் இல்லை.

கோடையில் வேறு கவனம். டோனரின் பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். வெயிலில் பூட்டி நிறுத்திய வாகனத்துக்குள் அந்தச் சூடு சாதாரணம். கொழும்பிலிருந்து வரும் பெட்டியை அன்றைக்கே இறக்கி நிழலில் வையுங்கள்.

கொட்டுப்பட்டால் வீட்டு வக்குவம் கிளீனரால் உறிஞ்சவேண்டாம். இந்த நுண்தூள் வடிகட்டியைத் தாண்டி அறைக்குள் திரும்பும், நிலைமின் பொறி பட்டால் தீப்பற்றவும் கூடும். முகக்கவசம் போட்டு ஈரத்துணியால் துடையுங்கள். உடுப்பில் பட்டால் முதலில் உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், சுடுதண்ணீர் அதை இளக்கி நூலோடு ஒட்டவைத்துவிடும்.