மூக்கடைத்த குழந்தை ஓடலாமா?

மகரந்தம் பறக்கும் மாதங்களில் அலர்ஜியால் தும்மிக்கொண்டே இருக்கும் ஒரு குழந்தையை ஓட விட்டால், முதலில் நடப்பது பலரும் எதிர்பார்க்காத ஒன்று. அடைத்திருந்த மூக்கு திறக்கிறது.

மூக்கின் உட்சுவர் முழுக்க மெல்லிய ரத்தக் குழாய்கள். மகரந்தப் புரதம் அங்கே வந்து ஒட்டியதும், ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சுமந்து நிற்கும் மாஸ்ட் செல்கள் எனும் எதிர்ப்புச் செல்கள், ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. குழாய்கள் விரிகின்றன, நீர் கசிகிறது, சுவர் வீங்கி வழியை அடைக்கிறது. ஓடும்போதோ, உடலை உழைப்புக்குத் தயார்படுத்தும் பரிவு நரம்புகள் அதே குழாய்களைச் சுருக்குகின்றன. வீக்கம் வடிகிறது. மூக்கடைப்புக்கு வாங்கும் சொட்டு மருந்துகளில் பல செய்வதும் இதைத்தான்.

அப்புறம் ஏன் சில குழந்தைகள் விளையாடிவிட்டு வந்து இருமுகிறார்கள்? காரணம் வாய். வேகமாக ஓடும்போது உள்ளே போகும் காற்றின் அளவு பல மடங்கு ஏறும். மூக்கு மட்டும் போதாமல் வாயும் திறந்துகொள்ளும். ஏற்கெனவே மூக்கடைத்த குழந்தைக்கு இது இன்னும் சீக்கிரமே நடக்கும். மூக்கு வழியாகப் போகும் காற்று வடிகட்டப்பட்டு, சூடாகி, ஈரமாகித்தான் கீழே இறங்கும். வாய் வழியே போவதற்கு அந்த வசதி குறைவு. காய்ந்த காற்று மூச்சுக்குழாயின் உட்படலத்திலிருந்து நீரை உறிஞ்ச, சுற்றியுள்ள தசை இறுகுகிறது.

இந்த இறுக்கம் பெரும்பாலும் ஓடி நின்ற பிறகு, ஐந்து பத்து நிமிடங்களில்தான் உச்சத்துக்கு வரும். பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான் என்பேன். ஓடும்போதே திணறுவது வெறும் பயிற்சிக் குறைவாகவும் இருக்கலாம். உட்கார்ந்த பிறகு இருமலும் இளைப்பும் திரும்பத் திரும்ப வந்தால், ஆஸ்துமா இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். 'இவனுக்கு ஸ்டாமினா இல்லை' என்று முடிவு கட்டி ஓரமாக உட்கார வைப்பது எளிது, ஆனால் தவறு.

விளையாட்டுக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம், இடையிடையே நின்று நின்று, சின்னச் சின்ன ஓட்டமாக உடலைச் சூடேற்றினால், பல குழந்தைகளுக்கு அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் இந்த இறுக்கம் குறைவாகவே வருகிறது. ஓடி நின்று ஓடும் ஆட்டங்கள் நெடுந்தூர ஓட்டத்தைவிடத் தாங்கக்கூடியவை. நீச்சலில் காற்று ஈரமாக இருப்பதால் மூச்சுக்கு இதம். குளோரின் நெடி ஒத்துக்கொள்ளாத குழந்தைகளும் உண்டு, அது வேறு.

வெளியே விட நேரம் பார்க்க வேண்டுமா? சரி, பாருங்கள். காய்ந்து காற்றடிக்கும் நாளில் மகரந்தம் அதிகம். நல்ல மழை பெய்து ஓய்ந்தால் காற்று கழுவப்பட்டிருக்கும். இடிமழை மட்டும் விதிவிலக்கு. புல் மகரந்தம் சுமார் 20 முதல் 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும், பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். ஈரத்தில் ஊதி வெடித்தால் அதற்குள்ளிருந்து சில மைக்ரானே உள்ள துகள்கள் வெளியேறி நுரையீரல்வரை போகும். 2016 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் அடித்த ஒரு இடிமழைக்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு ஓடினார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. அப்படி இடி திரளும் மாலையில் வீட்டுக்குள்ளேயே குதிக்கட்டும்.

திரும்பி வந்ததும் முகம், தலை கழுவி உடை மாற்றுவது அற்பமாகத் தெரியும். ஆனால் முடியில் ஒட்டிய மகரந்தம் தலையணைக்குப் போய் ராத்திரி முழுக்க மூக்கருகே கிடக்கும். போதாததற்கு, மகரந்தம் பட்ட சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலையாக மூக்கு மீண்டும் அடைக்கும். அதனால் தூக்கம் கெடுகிறது, மறுநாள் மைதானத்தில் குழந்தை சோர்ந்து நிற்கிறது. பழைய தலைமுறை அலர்ஜி மாத்திரைகள் இதோடு மந்தத்தையும் சேர்க்கும். செடிரிசின், லோராடடின் போன்ற புதிய தலைமுறை மாத்திரைகளில் அது குறைவு. மருத்துவர் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தால் தினமும் அடிக்க வேண்டும். முழுப் பலன் தெரியச் சில நாட்கள் பிடிக்கும் என்பதால், பருவம் தொடங்குவதற்கு ஓரிரு வாரம் முன்பே ஆரம்பிப்பது நல்லது.