பிரபலங்களின் அந்தரங்கம்: சட்டம் என்ன சொல்கிறது?

கல்யாண வீடியோவைத் தானே யூடியூபில் ஏற்றிய நடிகர், பிரிவு என்று வந்ததும் ‘எங்கள் அந்தரங்கத்தை மதியுங்கள்’ என்று அறிக்கை விடுகிறார். ‘அன்றைக்கு ஊரைக் கூட்டிக் காட்டியவர் இன்றைக்கு ஏன் கதவைச் சாத்துகிறார்?’ என்று கமெண்ட் குவிகிறது. கோபம் புரிகிறது. ஆனால் கதவைச் சாத்தும் உரிமை அவருக்கு இருக்கிறது.

இந்த விதி பிறந்தது தமிழ்நாட்டு வழக்கில்தான். கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட இருந்தபோது சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. வெளிவரும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பே அந்தரங்கத்துக்கும் எல்லை வகுத்தது. ஒருவரின் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, தாய்மை, படிப்பு பற்றி அவர் சம்மதமில்லாமல் யாரும் வெளியிடக் கூடாது. புகழ்ந்தாலும் சரி, திட்டினாலும் சரி. ‘உண்மையைத்தானே போட்டேன்’ என்பதும் செல்லாது. பலரும் தவறவிடுவது இதைத்தான். மீறினால் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே உறுதிசெய்தது.

விலக்கும் உண்டு. பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம். அரசுப் பதவியில் இருப்பவர் கடமையைச் செய்த விதத்தை விமர்சிக்கலாம். வலியப் போய்ச் சர்ச்சையில் இறங்கியவருக்குப் பாதுகாப்பு குறையலாம். பேட்டி கொடுத்து முன்னாள் கணவர்மீது குற்றம் சொன்னால், அந்தக் குற்றச்சாட்டை ஊர் பேசத்தான் செய்யும். கல்யாண வீடியோ அந்தக் கணக்கில் வராது என்பேன். அவர் காட்டச் சம்மதித்தது கல்யாணத்தை; பிரிவை அல்ல.

பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம் என்பதற்காக விவாகரத்து மனுவை டிவியில் வரிவரியாக வாசிக்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம். 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 22-ஆவது பிரிவுப்படி இந்த விசாரணைகள் மூடிய அறையில்தான் நடக்க வேண்டும். விவரங்களை வெளியிடுவதும் குற்றம். நீதிமன்ற அனுமதியோடு வரும் உயர், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் மட்டுமே விதிவிலக்கு. அபராதமோ அதிகபட்சம் 1,000 ரூபாய். இதை எப்போதோ உயர்த்தியிருக்க வேண்டும்.

2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கறாரானது: நாமாகவே பொதுவெளியில் போட்ட தகவலுக்கு அதன் காவல் கிடையாது. இது நடிகர்களுக்கு மட்டுமல்ல, நமக்கும்தான். பிள்ளையின் பள்ளிப் பெயரைப் போடும் முன் யோசியுங்கள்.

என்னை உறுத்துவது குழந்தைகள் விஷயம். விமான நிலைய வாசலில், தோளில் தூங்கும் பிள்ளையின் முகத்தை நடிகை துப்பட்டாவால் மூடுகிறார். நாலைந்து செல்போன்கள் இடுக்கில் நுழையப் பார்க்கின்றன. அம்மா கொடுத்த பேட்டிகள் பிள்ளையின் சம்மதம் ஆகாது. 1994 தீர்ப்பு குடும்பத்தையும் சேர்த்தே காக்கிறது. அந்தப் படத்துக்குத் தடையாணை கேட்டு அவர் உரிமையியல் நீதிமன்றம் போகலாம்.