டவர் இல்லாத டவர்: சாட்டிலைட் இணையத்துக்கு நம் சொல் எது?

போன மாதம் விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் சேர்வலாறு பக்கத்திலிருந்து இறங்கி வந்தவர். செல்போனை மழைக்குப் பயந்து பால் கவரில் சுற்றி வைத்திருந்தார். மகனுடைய உதவித்தொகை விண்ணப்பத்துக்கு ஓடிபி வரவேண்டும், அதற்காகவே மலையிறங்கியிருக்கிறார். கவரைப் பிரித்துக்கொண்டே கேட்டார்: “அண்ணாச்சி, டவரே இல்லாம டவர் கெடைக்குமாம்லா, நெசமாவா?”

இந்தக் கேள்வியில் டவர் என்ற சொல் இரண்டு முறை வருகிறது, இரண்டுக்கும் பொருள் வேறு. முதல் டவர் இரும்புக் கோபுரம். இரண்டாவது, அதிலிருந்து வரும் அலை. ‘டவர் இல்ல’, ‘டவர் விட்டு விட்டு வருது’ என்று நாம் சொல்வதெல்லாம் இரண்டாவதைத்தான். கோபுரம் இல்லாமல் அலை மட்டும் வருமா என்பது அவர் சந்தேகம். வரும். அதைச் செய்வதுதான் சாட்டிலைட் இணையம். ஆனால் அதற்குத் தமிழில் என்ன பெயர் சொல்வது என்று நான் யோசிக்கத் தொடங்கியபோது டீ ஆறிவிட்டது.

சாட்டிலைட் என்பது லத்தீனிலிருந்து வந்த சொல். ‘சடெல்லெஸ்’ என்றால் பெரிய மனிதர்களைச் சுற்றியே நிற்கும் மெய்க்காப்பாளன், ஏவலாள். கலிலியோ 1610இல் தொலைநோக்கியில் வியாழனைப் பார்த்தபோது அதை விட்டு அகலாமல் நான்கு புள்ளிகள் சுற்றுவதைக் கண்டார். மறு வருடம் கெப்ளர் அவற்றுக்கு இந்தப் பெயரை வைத்தார். எசமான் போகும் இடமெல்லாம் கூடவே போகிற ஆள் என்பதுதான் அடிப்பொருள். நம் ஊர்ப் பேச்சில் ‘அல்லக்கை’ என்று பெயர்த்தாலும் மூலத்துக்குத் துரோகம் இல்லை. ரஷ்யர்கள் 1957 அக்டோபர் 4 அன்று முதன்முதலாக ஒன்றைச் செய்து ஏவினார்கள். அதற்கு வைத்த ஸ்புட்னிக் என்ற பெயருக்கு வழித்துணை என்று பொருள். அல்லக்கையை விட எவ்வளவோ மரியாதையான பெயர்.

தமிழுக்கு வருவோம். கோள் என்பது ‘கொள்’ என்ற வினையிலிருந்து பிறந்தது. பெறு பேறு ஆனதுபோல, கெடு கேடு ஆனதுபோல, கொள் நீண்டு கோள் ஆனது. பிடித்துக்கொள்வது, பற்றுவது என்று பொருள். வடமொழியில் கிரகம் என்பதும் பற்றுவது என்ற வேரிலிருந்துதான் வருகிறது. உருண்டை என்பதால் கோள் என்று பலர் நினைக்கிறார்கள். அது கோளம், வேறு சொல். பட்டினப்பாலையில் ‘நாண்மீன் விராய கோண்மீன் போல’ என்று வருகிறது. நாள்மீன் என்றால் நட்சத்திரம், கோள்மீன் என்றால் கிரகம். அந்தக் கோள்தான் இன்றைக்கு விண்வெளித் துறைக்கும் வேலை பார்க்கிறது. கோள் என்பதற்குப் புறங்கூறுதல் என்ற பொருளும் உண்டு. ஓரிடத்துப் பேச்சை வாங்கி இன்னோர் இடத்தில் கொண்டு போய்ச் சேர்ப்பதுதானே கோள் சொல்வது? தகவல் தொடர்புச் செயற்கைக்கோளுக்கு இதைவிடப் பொருத்தமாக வேலைப் பட்டியல் எழுத முடியாது.

ஒரு கோளைச் சுற்றும் நிலாவுக்குத் துணைக்கோள் என்று பெயர். அதையே மனிதன் செய்தால் ‘செயற்கைத் துணைக்கோள்’. பேச்சில் ‘துணை’ கழன்று ‘செயற்கைக்கோள்’ நின்றுவிட்டது. கறாராகப் பார்த்தால் இது செய்த கிரகம் என்றாகிறது, தவறுதான். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைத் தமிழர்கள் ‘செய்மதி’ என்கிறார்கள். செய்த மதி, அதாவது செய்த நிலா. பூமியைச் சுற்றுவது நிலாதானே, கிரகம் இல்லையே. நாலு எழுத்து, பொருளும் சரி. கூரையில் நெட்டைக் கம்பம் நட்டு, ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி ரூபவாஹினி பார்த்த ஊர்கள் நம்முடையவை. படத்தை வாங்கிய நாம் இந்தச் சொல்லையும் வாங்கியிருக்கலாம். இனிமேல் மாற்றச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, அதனால் செயற்கைக்கோளையே வைத்துக்கொள்கிறேன்.

சரி, செயற்கைக்கோள் இணையம் என்று சொன்னால் போதுமா? போதாது. இங்கேதான் உயரம் குறுக்கே வருகிறது.

நம் வீட்டு மாடியில் இருக்கும் டிவி டிஷ் ஒரே திசையைப் பார்த்தபடி வருடக்கணக்காக அசையாமல் நிற்கிறது. அது பார்க்கிற செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுகிறது. அதனால் நமக்கு நின்ற இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். படம் பார்க்க இது நல்ல ஏற்பாடு, பேச்சுக்குச் சரிப்படாது. அலை மேலே போய்க் கீழே வர 72,000 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ஒளி வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. ஓடினாலும் கால் வினாடி பிடிக்கும். நீங்கள் கேட்டு, பதில் திரும்பி வர அரை வினாடி. வீடியோ அழைப்பில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் ‘சொல்லுங்க, சொல்லுங்க’ என்று நிறுத்துவோமே, அது இந்த அரை வினாடியில் நடக்கிற கூத்து.

புதிய இணையத்தின் செயற்கைக்கோள்கள் அவ்வளவு உயரத்தில் இல்லை. இந்த இணையத்தைத் தரும் சேவைகளில் ஸ்டார்லிங்கின் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் 550 கி.மீ. பக்கம் சுற்றுகின்றன, ஒன்வெப்பினுடையவை 1,200 கி.மீ. உயரத்தில். 550 கி.மீ. என்பது நெல்லை எக்ஸ்பிரஸ் சென்னைக்குப் போகும் தூரத்தை விடக் குறைவு. இத்தனை பக்கத்தில் இருப்பதால் அலை போய்வரும் நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் சில பங்குதான். தரை நிலையம், மற்ற இணைப்புகள் எல்லாம் சேர்த்தாலும் பேச்சு தட்டாமல் ஓடும்.

பக்கத்தில் இருப்பதற்கு ஒரு விலை உண்டு. தாழ்வாகச் சுற்றுவது கீழே விழாமல் இருக்க வேகமாக ஓடவேண்டும்: வினாடிக்கு ஏறத்தாழ 7.5 கி.மீ. நெல்லை எக்ஸ்பிரஸுக்கு ஓர் இரவு, இதற்கு ஒன்றரை நிமிடம். பூமியை ஒரு சுற்றுச் சுற்ற ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. பாபநாசத்துக்கு மேலே வந்த வேகத்தில் சில நிமிடங்களில் அடிவானத்தில் இறங்கிவிடும். அதற்குள் அடுத்தது வந்து வேலையைக் கையில் வாங்கவேண்டும். அதனால்தான் ஒன்றிரண்டு போதாது, நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வேண்டியிருக்கிறது. கீழே இருக்கிற தட்டும் பழைய டிஷ் மாதிரி இல்லை. தட்டையான பலகை. தான் அசையாமலே, அலை போகும் திசையை மட்டும் மின்னணு முறையில் திருப்பி, ஒன்றை விட்டு அடுத்ததைப் பிடிக்கும். கொள்வதுதான் கோள் என்றேனே, இங்கே தட்டும் கொண்டுகொண்டே இருக்கிறது.

இந்தத் தாழ்ந்த பாதையை ‘லோ எர்த் ஆர்பிட்’ என்கிறார்கள். 2,000 கி.மீ. வரை இந்தக் கணக்கில் வரும். முதலெழுத்துகளைச் சேர்த்து லியோ என்பதும் உண்டு. சிம்ம ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பத்திரிகைகளில் ‘தாழ்வான புவி வட்டப்பாதை’ என்று எழுதுகிறார்கள். வட்டம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை, கெப்ளர் காலத்திலிருந்தே அது நீள்வட்டம். சுற்றுப்பாதை என்பது சரியான சொல். ஆர்பிட்டின் வேரைத் தேடினால் லத்தீனில் வண்டிச் சக்கரம் மண்ணில் பதித்துவிட்டுப் போகும் தடம். நம்மிடமும் பஸ்ஸுக்குத் ‘தடம் எண்’ இருக்கிறது, அந்தத் தடம்தான்.

‘தாழ்’ என்ற சொல்லுக்கு நல்ல உதாரணம் வீட்டிலேயே உண்டு, தாழ்வாரம். ஓட்டுக்கூரை சரிந்து இறங்கிக் கைக்கெட்டும் உயரத்துக்கு வரும் இடம். எங்கள் ஆச்சி வீட்டுத் தாழ்வாரத்தில் வளர்ந்த ஆண்கள் எல்லோரும் நெற்றியில் ஒரு முறையாவது வாங்கியிருப்பார்கள். நிலா 3,84,000 கி.மீ. தள்ளி இருக்கிறது, டிவி செயற்கைக்கோள் 36,000. அந்தக் கணக்கில் பார்த்தால் 550 கி.மீ. என்பது வானத்தின் தாழ்வாரம்தான்.

ஆகவே என் கட்சி ‘தாழ்கோள் இணையம்’. நின்ற இடத்தில் நிற்பதுபோல் தெரிவது நிலைகோள், தாழ்வாரத்தில் ஓடுவது தாழ்கோள். வினைத்தொகை என்பதால் நடுவில் ‘க்’ போடவேண்டாம். வினைத்தொகை மூன்று காலத்தையும் காட்டும்: தாழ்ந்த கோள், தாழ்கின்ற கோள், தாழும் கோள். அந்த உயரத்தில் காற்று முழுவதுமாக அற்றுப் போய்விடுவதில்லை. மெலிந்த அந்தக் காற்று உரசி உரசி செயற்கைக்கோளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும். எரிபொருளால் அவ்வப்போது தூக்கிவிடாவிட்டால் சில வருடங்களில் தாழ்ந்து எரிந்தே போகும். இலக்கணமும் இயற்பியலும் ஒரே சொல்லில் இப்படி ஒத்துப்போவது அபூர்வம், விட மனமில்லை.

நெல்லைச் சீமைக்கு இந்தச் சொல்லில் கொஞ்சம் உரிமையும் இருக்கிறது. ஒன்வெப் செயற்கைக்கோள்களில் 72ஐ இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட் 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலுமாக, தடவைக்கு 36 என்று கொண்டு போனது. அந்த ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினை, அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் எஞ்சினை, சோதிப்பது பணகுடிக்குப் பக்கத்தில் உள்ள மகேந்திரகிரியில். 1986 வரை நம் மாவட்டமாக இருந்த குலசேகரன்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து நேர்தெற்கே ஏவலாம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து என்றால் இலங்கையைச் சுற்றி வளைத்துப் போகவேண்டும்.

மகேந்திரகிரியில் எஞ்சினைச் சோதிக்கிறார்கள், அதே மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒருவர் ஓடிபிக்காக இறங்கி வருகிறார். ஸ்டார்லிங்குக்கு இந்திய உரிமம் 2025 ஜூனில் கிடைத்தது. உரிமம் கிடைப்பது வேறு, காரையாறு அணையைத் தாண்டி நடந்து போகவேண்டிய இஞ்சிக்குழிக்குத் தட்டு போய்ச் சேர்வது வேறு. தட்டின் விலை, மாதக் கட்டணம், 50 முதல் 100 வாட் வரை அது இழுக்கும் கரண்டு எல்லாம் இருக்கிறது. வீட்டுக்கு ஒன்று என்பது நடக்காது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு தட்டு, ஒரு சோலார் பலகை என்றால் நடக்கக்கூடியதுதான்.

இதையெல்லாம் பாதியாகச் சுருக்கி அவரிடம் சொன்னேன். தாழ்கோள் என்ற சொல்லை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் கேட்டார்: “மழைக்குள்ள வருமா?” நாலுமுக்கும் ஊத்தும் மாநிலத்து மழைப் பட்டியலில் அடிக்கடி முதலிடம் பிடிக்கிற மலையில் இருந்து வந்தவர் வேறென்ன கேட்பார். கனமழை இந்த அலையை உறிஞ்சும், கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத்தான் வரும் என்றேன். இலையும் மறைக்கும், தட்டுக்கு மேலே வானம் திறந்திருக்கவேண்டும் என்றும் சொன்னேன்.

அவர் போனைத் திரும்பப் பால் கவரில் சுற்றினார். “வானம் தெறக்கணும்னா ரெண்டு கொப்ப வெட்டணும்லா அண்ணாச்சி. எங்க இடம் புலிகள் காப்பகம். காட்டிலாகா விடுவாவளா?”