தொட்டித் தண்ணீர் ஏன் வெள்ளமாகாது?

நீடாமங்கலம் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பழைய காலத்து மலிவு பட்ஜெட் அறிவியல் புனைவுப் படங்கள் என்றால் அவருக்கு உயிர். ரப்பர் தோல் மாட்டிய பூதம், கம்பியில் தொங்கும் பறக்கும் தட்டு, அட்டை ராக்கெட், எதையும் விடமாட்டாராம். கோடை விடுமுறையில் பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்து அப்படி ஒரு படம் போட்டிருக்கிறார். அணை உடைந்து ஊரே அடித்துக்கொண்டு போகிற காட்சி வந்ததும் பையன், "தாத்தா, இது தொட்டித் தண்ணிதானே?" என்று சிரித்துவிட்டானாம். "இரண்டாம் வகுப்புப் பையன். கேமரா தந்திரமும் தெரியாது, இயற்பியலும் தெரியாது. எப்படிக் கண்டுபிடித்தான்?" என்பது அவர் கேள்வி.

பொம்மை வீடுகளுக்கு அடித்த பெயின்ட் சரியில்லை, செட் போட்டவர் மட்டம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் வீடுகளை ஓடு ஓடாகச் செதுக்கி வைத்திருந்தாலும் அந்தப் பையன் சிரித்திருப்பான். காட்டிக்கொடுத்தது தண்ணீர். அதிலும் மேட்டூர் எப்போது திறக்கும், கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்று வருஷா வருஷம் பேசுகிற வீட்டுப் பிள்ளை. மதகில் விழும் தண்ணீரையும் கொள்ளிடத்தில் போகும் தண்ணீரையும் பார்த்துப் பார்த்து வளர்ந்த கண்ணை ஏமாற்றுவது லேசல்ல.

இந்தப் படங்களின் மற்ற அபத்தங்கள் தெரிந்த கதைதான். எறும்பை யானை அளவுக்கு ஊதினால் எடை நீளத்தின் முப்படியில் ஏறும், காலின் பலம் வர்க்கத்தில்தான் ஏறும், கால் ஒடிந்து உட்கார்ந்துவிடும். எலும்புகளை வைத்து கலிலியோ 1638-லேயே இதை எழுதிவிட்டார். விண்வெளியில் குண்டு வெடித்தால் சத்தம் வராது. சரி, இதெல்லாம் யோசித்தால்தான் தெரியும். பார்த்த கணத்தில் சிரிப்பு வருகிறதே, அது வேறு கணக்கு.

கல்லணையின் உயரம் ஏறக்குறைய 5.4 மீட்டர். வசதிக்காக 5 என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் கீழே வந்து சேர 1 நொடி ஆகும். இதையே 25-இல் ஒரு பங்காக மரத்திலும் சாந்திலும் செய்தால் உயரம் 20 சென்டிமீட்டர். அங்கிருந்து விழ 0.2 நொடி போதும். உயரம் 25 மடங்கு குறைந்தபோது நேரம் 5 மடங்குதான் குறைந்திருக்கிறது, ஏனென்றால் விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது. வீட்டைச் சின்னதாக்கலாம், தென்னை மரத்தை, ரயிலை, அணையைச் சின்னதாக்கலாம். பூமியின் ஈர்ப்பைச் சின்னதாகச் செய்து கொடுக்க எந்த ஆசாரியாலும் ஆகாது.

அதனால் திரையில் ஒரு பொருள் விழும்போது அது எவ்வளவு பெரியது என்பதை விழுகிற நேரமே சொல்லிவிடுகிறது. ஐந்து மீட்டர் அணை என்று காட்டிவிட்டு 0.2 நொடியில் தண்ணீரை இறக்கினால் கண் உடனே "இருபது சென்டிமீட்டர்" என்று படித்துவிடும். வர்க்கமூலம் என்ற சொல்லே அந்தப் பையனுக்குத் தெரிய வேண்டியதில்லை. டம்ளர் கவிழ்வதையும் மாங்காய் விழுவதையும் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இதற்கு மருந்து உண்டு. கேமராவை வேகமாக ஓட்டிப் படம் பிடித்து, திரையில் வழக்கமான வேகத்தில் காட்ட வேண்டும், அப்போது எல்லாம் மெதுவாக நடப்பதாகத் தெரியும். வழக்கமான வேகம் நொடிக்கு 24 ஃபிரேம். 25-இல் ஒரு பங்கு மாடல் என்றால் ஐந்து மடங்கு, அதாவது நொடிக்கு 120 ஃபிரேம். 1954-இல் வந்த ஜப்பானியக் காட்ஸில்லாவுக்காக தந்திரக் காட்சி நிபுணர் எய்ஜி ட்சுபுராயா டோக்கியோவின் கட்டடங்களை 25-இல் ஒரு பங்காகத்தான் கட்டினார். பூதத்தின் கதை உயரம் 50 மீட்டர், உடுப்புக்குள் இருந்த ஆள் சுமார் 2 மீட்டர். கேமராவை வேகமாக ஓட்டி எடுத்ததால்தான் அந்த ரப்பர் உடுப்புக்கு மலை போன்ற கனம் வந்தது.

மருந்து இருந்தும் ஏன் பல பேர் சாப்பிடவில்லை? விலை. 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். சாதாரண வேகத்தில் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும், 120 ஃபிரேம் வேகத்தில் 450 அடி. 400 அடிச் சுருள் ஒன்று முழுசாக ஒரு நிமிஷம்கூட வராது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் வெளிச்சம் ஐந்தில் ஒன்றாகிவிடுவதால் விளக்குகளையும் ஐந்து மடங்கு ஏற்ற வேண்டும். நாலைந்து நாளில் முழுப் படத்தையும் முடிக்க நினைத்த தயாரிப்பாளர் இதற்கெல்லாம் எங்கே போவார்? பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து அசைத்துப் படம் பிடிக்கும் ரே ஹாரிஹவுசன் 1955-இல் ஒரு ராட்சத ஆக்டோபஸுக்கு எட்டுக் கைகளுக்குப் பதில் ஆறுதான் வைத்தார். இரண்டு கையை அசைக்கும் செலவு மிச்சம்!

பறக்கும் தட்டுகளுக்கும் இதே கணக்குதான். 1957-இல் முதன்முதலாகத் திரையிடப்பட்ட எட் வுட்டின் 'பிளான் 9 ஃபிரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தில் தட்டுகள் கம்பியில் தொங்குவது தெரிகிறது என்று உலகமே சிரிக்கிறது. கம்பியை மறைத்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை என்பது என் கட்சி. தொங்குகிற பொருள் ஆடும் நேரமும் நீளத்தின் வர்க்கமூலத்தையே பின்பற்றும். ஒரு மீட்டர் கயிற்றில் கட்டியது 2 நொடிக்கு ஒரு தரம் போய்த் திரும்பும். கிரகம் விட்டுக் கிரகம் வந்த கப்பல் அப்படிப் படபடவென்று ஆடினால் கப்பலின் மானம் போய்விடுகிறது.

நம்மூர்ப் படம் ஒன்றும் இந்த வரிசையில் உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1952-இல் கொண்டுவந்த 'காடு'. பனியுகத்து மாமத யானைகள் வர வேண்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? நிஜ யானைகளுக்கு ரோமப் போர்வை மாட்டிவிட்டார்கள். பார்க்கச் சிரிப்புதான். ஆனால் நடையைக் கவனியுங்கள், கால் தூக்கி வைப்பதில் ஒரு பிசகும் கிடையாது. வேஷம் பொய், எடை நிஜம். 1963-இல் 'கலை அரசி'யில் வேற்றுக் கிரகத்துக்காரர்கள் பறக்கும் தட்டில் வந்து பாட்டுக்காகப் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், கும்பகோணத்தில் படித்து வளர்ந்த எம்.ஜி.ஆர். மீட்கப் போவார். டெண்டு கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரும் தட்டு ஆடுகிறதே என்று எழுந்து போனதாகக் கேள்விப்பட்டதில்லை.

சரி, பணம் இருக்கிறது, 120 ஃபிரேம் ஓட்டியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். ரப்பர் பூதம் தப்பித்துவிடும், இடிந்து விழும் கட்டடம் தப்பித்துவிடும். தண்ணீர் அப்போதும் மாட்டிக்கொள்ளும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஷட்டர் திறந்திருக்கும் நாளில் கல்லணையிலோ முக்கொம்பிலோ நின்று விழும் தண்ணீரை மேலிருந்து கீழாகக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். உதட்டில் வழுவழுவென்று பழுப்பு நிறக் கண்ணாடித் தகடு. கொஞ்சம் கீழே அதில் மடிப்பு விழும், மடிப்பு கிழியும், கிழிந்தது கயிறு கயிறாகப் பிரியும், கயிறு அறுந்து துளியாகும். அடியில் வந்து சேரும்போது முழுக்க வெள்ளை. அதே பழுப்புத் தண்ணீர்தான். எண்ணிலடங்காத துளிகளும் காற்றுக் குமிழிகளும் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் வெளுத்துத் தெரிகிறது.

தண்ணீரை இப்படிக் கிழிப்பது வேகம். கிழியவிடாமல் இழுத்துப் பிடிப்பது பரப்பு இழுவிசை. மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுகளை உள்ளே இருப்பவை இழுத்துக்கொண்டே இருப்பதால் தண்ணீர் எப்போதும் தன் பரப்பைச் சுருக்கவே பார்க்கும். 5 மீட்டர் விழுந்த தண்ணீரின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர், அது ஜெயித்துவிடும். 20 சென்டிமீட்டர் விழுந்ததன் வேகம் 2 மீட்டர், அது தோற்றுப்போகும். மாடல் அணையில் தண்ணீர் கடைசிவரை கண்ணாடித் தகடாகவே வழிகிறது, வெளுப்பதே இல்லை. தெறிக்கிற கொஞ்சத் துளியும் துரோகம் செய்கிறது. அணையைச் சுருக்கினோமே தவிர துளியைச் சுருக்க முடியவில்லை. 4 மில்லிமீட்டர்த் துளி 25-இல் ஒரு பங்கு உலகத்தில் 10 சென்டிமீட்டர்த் துளி. மாதுளம்பழம் அளவுக்குத் துளி துளியாகத் தெறிக்கும் வெள்ளத்தை எந்தக் கண் நம்பும்?

சோப்பு போட்டால் பரப்பு இழுவிசை குறையுமே என்று கேட்பீர்கள். மாடல் படம் எடுத்தவர்களும் அதைச் செய்தார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சோப்பு அதை 30 பக்கம் இறக்கும். ஆனால் துளியின் அளவு இழுவிசையின் வர்க்கமூலத்தில்தான் குறையும். மறுபடியும் அதே வர்க்கமூலம்! 4 மில்லிமீட்டர் 2.6 ஆகும், அவ்வளவுதான். 25-இல் ஒரு பங்கு உலகத்துக்குப் பொருத்தமாகத் துளி சிதற வேண்டுமென்றால் இழுவிசை 25-இன் வர்க்கம், அதாவது 625 மடங்கு குறைய வேண்டும். நாம் வாளியில் மொண்டு ஊற்றக்கூடிய எந்தத் திரவமும் அதன் கிட்டேகூட வராது. அதனால் காசுள்ள ஸ்டுடியோக்கள் மாடலையே பெரிசாகக் கட்டின. காசில்லாதவர்கள் தொட்டித் தண்ணீரை அப்படியே காட்டினார்கள்.

இதற்கு நேர் எதிரான சங்கடம் ஒருவருக்கு வந்தது. 1957-இல் ஜாக் அர்னால்ட் எடுத்த படத்தில் நாயகன் சுருங்கிச் சுருங்கி ஊசி அளவாகிறான். அவன்மேல் சொட்டும் துளி அவனுக்குப் பானை அளவில் தெரிய வேண்டும். அவ்வளவு பெரிய துளி இயற்கையில் நிற்காது, பாதி வழியிலேயே உடைந்துவிடும். அர்னால்ட் ஆணுறைகளில் தண்ணீர் நிரப்பி மேலிருந்து விழவிட்டார். விழும்போது துளி போலவே குலுங்கிற்று, தரையில் பட்டதும் துளி போலவே உடைந்தது. பரப்பு இழுவிசைக்குப் பதிலாக ரப்பரின் இழுவிசை! இதைக் கேட்ட நாளிலிருந்து அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

இந்த வர்க்கமூலத்தைச் சினிமாக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கி ஊரில் வில்லியம் ஃபிரவுட் என்ற பொறியாளர் நீளமான தொட்டி கட்டி, அதில் சின்னக் கப்பல்களை இழுத்துப் பார்த்து, பெரிய கப்பல் எவ்வளவு தடையைச் சந்திக்கும் என்று முன்கூட்டியே சொன்னார். கப்பல் மாடலைவிட எத்தனை மடங்கு நீளமோ அதன் வர்க்கமூலத்தால் மாடல் வேகத்தைப் பெருக்க வேண்டும் என்பதே அவர் விதி. இன்றைக்கும் அணை, மதகு, கதவணை என்று எதைக் கட்டுவதற்கு முன்னும் அதே விதிப்படி மாடல் செய்து தண்ணீர் விட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. நமக்குப் பூண்டியில் நீரியல் ஆய்வு நிலையம் இருக்கிறது, மகாராஷ்டிரத்தில் புனே அருகே கடக்வாஸ்லாவில் 1916-இல் தொடங்கப்பட்ட மத்திய ஆய்வு நிலையம் இருக்கிறது.

அங்கேயும் துளிச் சிக்கல் விடாது. மாடலில் தண்ணீர் சில சென்டிமீட்டர் ஆழமாவது இல்லாவிட்டால் பரப்பு இழுவிசை புகுந்து கணக்கைக் கெடுத்துவிடும். மணல் இன்னும் மோசம். அரை மில்லிமீட்டர் ஆற்று மணலை 25-இல் ஒரு பங்காக்கினால் அது வண்டலாகிவிடும், நகரும் விதமே வேறு. ஆகவே நிலக்கரித் தூள், வால்நட் ஓட்டுத் தூள் என்று எடை குறைந்ததைப் போட்டு மணலுக்கு வேஷம் கட்டுவார்கள். யானைக்கு ரோமம் மாட்டிய அதே புத்திதான்.

2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் போனபோது முக்கொம்பில் ஆர்தர் காட்டன் காலத்து மேலணையின் ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. அதற்கப்புறம் புதுக் கதவணைக்குப் பணம் வந்தது. நல்லது. ஆனால் உடைந்த பின் கட்டுவதற்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு துளியாவது தொட்டியில் தண்ணீர் விட்டு அளக்கிறவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் புலம்பல். பாலம் நிற்க நரபலி கேட்கிறது என்று நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊருக்கு ஊர் வதந்தி கிளம்பும், பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள். பாலம் கேட்பது அஸ்திவாரத்தின் கீழே மணல் எவ்வளவு அரிக்கும் என்ற எண்ணை.

நீடாமங்கலத்து வாசகர் பேரனோடு சேர்ந்து இதைச் செய்து பார்க்கலாம். கைபேசியின் ஸ்லோ மோஷனில் நொடிக்கு 120 ஃபிரேம் வைத்து எடுத்தால் பெரும்பாலான கைபேசிகள் அதை 30 ஃபிரேமில் ஓட்டிக் காட்டும். நாலு மடங்கு மெதுவாகிறது, அதாவது 16 மடங்கு பெரிதாகிறது. வயலுக்குப் பாயும் வாய்க்கால் மதகில் ஓர் அடி உயரம் விழும் தண்ணீர் திரையில் கிட்டத்தட்ட கல்லணை உயரத்துக்கு விழும். கைபேசியைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடியுங்கள், பின்னால் புல், செருப்பு எதுவும் தெரியக் கூடாது, வெயில் எதிர்ப்பக்கம் இருக்கட்டும். துளி பெரிசாகத் தெரிந்தால் 240 ஃபிரேமுக்குப் போகலாம் என்று தோன்றும். போகாதீர்கள், அதில் 64 மடங்கு பெரிதாகி, துளியும் கூடவே பெரிதாகிவிடும். ஷாம்பு போட்டுப் பார்க்க ஆசையிருந்தால் வீட்டுத் தொட்டியில் போடுங்கள், வாய்க்காலில் வேண்டாம். தண்ணீர் மேல் நடக்கும் பூச்சிகளெல்லாம் அந்தப் பரப்பு இழுவிசையை நம்பித்தான் நிற்கின்றன.