வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கும்?

"பில்லியர்ட்ஸ் போன்ற பூல் ஆட்டத்தைத் தனியாகப் பழகுகிறேன். கலர் பந்தைப் பாக்கெட்டில் போட்டுவிடுகிறேன், ஆனால் வெள்ளைப் பந்து நான் நினைக்கிற இடத்தில் நிற்பதே இல்லை. சாரல் மாதங்களில் அதைப் பின்னுக்கு இழுக்கவும் முடியவில்லை. அந்த மேசை எனக்கு ராசியில்லை என்கிறார்கள் நண்பர்கள்." செங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் இப்படி எழுதியிருக்கிறார்.

ராசிக்கு இதில் வேலையே இல்லை. மேசைத் துணிக்கும் பந்துக்கும் நடுவில் இருக்கும் உராய்வுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதைப் புரிந்துகொண்டு பழகினால், தனியாகச் செய்யும் பயிற்சி நண்பர்களோடு ஆடும் பத்து ஆட்டங்களைவிட அதிகம் கற்றுத்தரும்.

மோதலைப் பற்றிப் பள்ளியில் படித்ததே போதும். பூல் பந்துகள் எல்லாம் 57.15 மி.மீ. விட்டமும் ஏறக்குறைய ஒரே எடையும் கொண்டவை. நேருக்கு நேர் மோதினால் வெள்ளைப் பந்து தன் வேகம் முழுவதையும் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். சாய்வாக மோதினால் இரண்டும் 90 பாகை விலகிப் பிரிய வேண்டும். மேசையில் நடப்பது வேறு. நேராக அடித்த வெள்ளைப் பந்து கலர் பந்தைத் தொடர்ந்து போய், பல நேரம் அதே பாக்கெட்டில் விழுகிறது. கேரம் ஆடிப் பழகியவர்களுக்கு இது பெரிய குழப்பம். கேரம் ஸ்ட்ரைக்கர் பலகையில் சறுக்க மட்டுமே செய்யும், பூல் பந்து உருளவும் செய்யும். மோதும்போது வேகம்தான் கைமாறுகிறது. உருளல் வெள்ளைப் பந்திடமே தங்கிவிடுகிறது. நின்ற இடத்தில் சுழலும் பந்தைத் துணியின் உராய்வு மறுபடி முன்னால் தள்ளுகிறது.

அந்த உராய்வு வேலை செய்யும் விதம் மிக அழகானது.

பந்தின் நடுமையத்தில் அடித்தால் அது முதலில் உருளாது, சுழற்சியே இல்லாமல் துணிமேல் சறுக்கும். உராய்வு அதன் அடிப்பகுதியைப் பின்னுக்கு இழுக்கும். அந்த ஒரே இழுப்பு ஓட்டத்தைக் குறைக்கிறது, கூடவே சுழற்சியையும் ஏற்றுகிறது. வேகம் தொடக்க வேகத்தில் 5/7 பங்காகக் குறையும் கணத்தில் சறுக்கல் முடிந்து சுத்தமான உருளல் தொடங்குகிறது. மெல்ல அடித்தாலும் பலமாக அடித்தாலும் இந்தப் பின்னம் மாறாது. திண்மக் கோளத்தின் நிலைமத் திருப்புத்திறனில் (சுழற்றுவதற்கு அது காட்டும் தயக்கத்தின் அளவில்) இருக்கும் 2/5-லிருந்து பிறந்தது அது. மாறுவது சறுக்கும் தூரம்தான், அதுவும் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். உராய்வுக் கெழு (துணியின் பிடிப்பைக் காட்டும் எண்) 0.2 என்று கொண்டால், நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் பந்து 12 செ.மீ. மட்டுமே சறுக்கும். 2 மீட்டர் வேகத்தில் 50 செ.மீ., 4 மீட்டர் வேகத்தில் 2 மீட்டர்.

இப்போது மையத்துக்குக் கீழே அடித்துப் பாருங்கள். பந்து முன்னால் ஓடும்போதே பின்னோக்கிச் சுழலும். உராய்வு அந்தப் பின்சுழலை ஒவ்வொரு அங்குலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். ஓர் இடத்தில் சுழல் பூஜ்யமாகும். அதைத் தாண்டினால் முன்சுழல் ஏறி, கடைசியில் உருளல் வரும். ஆகவே கீழே அடித்த ஒரே அடிக்குள் மூன்று அடிகளும் வரிசையாக இருக்கின்றன: இழுக்கும் அடி, நிறுத்தும் அடி, தொடரும் அடி. கலர் பந்து இந்தப் பாதையில் எங்கே குறுக்கிடுகிறதோ, அந்த அடி உங்களுக்குக் கிடைக்கும். "கீழேதான் அடித்தேன், ஏன் முன்னால் போகிறது?" என்ற கேள்விக்கு விடை இதுதான். கீழே அடித்தது சரி, தூரத்துக்கு அது போதவில்லை.

எண்களாகச் சொன்னால் தெளிவாகும். மையத்துக்கு 7 மி.மீ. கீழே, நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் அடித்தால் பின்சுழல் சுமார் 45 செ.மீ. தூரத்தில் தீர்ந்துவிடும். 14 மி.மீ. கீழே அடித்தால் சுமார் 76 செ.மீ. வரை தாங்கும். அதற்கும் கீழே போனால் சாக் தூள் தடவிய டிப்கூட (கியூ என்னும் ஆட்டக்கோலின் முனை) பந்தைப் பிடிக்காமல் வழுக்கிவிடும். எனவே அதைவிடத் தொலைவுக்கு வேகத்தைத்தான் கூட்ட வேண்டும். அதே 14 மி.மீ.யில் வேகத்தை 3 மீட்டர் ஆக்கினால் சுழல் 1.7 மீட்டர் வரை உயிரோடு இருக்கும்.

சாரல் விஷயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஆரியங்காவு கணவாய் வழியாக ஈரக்காற்று இறங்கும் ஜூன், ஜூலை மாதங்களில் மேசைத் துணியும் அந்த ஈரத்தைக் குடிக்கிறது. பூல் துணி பெரும்பாலும் கம்பளியும் நைலானும் கலந்தது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உறிஞ்சியும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஈரத்துணி பந்தை இறுக்கிப் பிடிக்கும். உராய்வுக் கெழு 0.2-லிருந்து 0.25 ஆனாலே மேலே சொன்ன 45 செ.மீ. 36 ஆகச் சுருங்கும். போதாததற்கு இழுத்த பந்து திரும்பி வரும் பாதையும் கனத்துக் கிடக்கும். கைப்பிசுக்கும் சாக் தூளும் படிந்த பந்து இன்னும் மோசம். ஆடும் முன் பந்துகளை மென்மையான சோப்பு நீரில் கழுவித் துடைப்பது, எலுமிச்சை சுற்றிப் போடுவதைவிட நிச்சயமாகப் பலன் தரும். பெரிய ஸ்னூக்கர் போட்டிகளில் மேசைக்கு அடியில் சூடேற்றி வைப்பதும் இந்த ஈரத்தை விரட்டத்தான்.

மேசை அன்று எப்படி இருக்கிறது என்று அளந்துவிடலாம். எதிர்க் குஷனில் (மேசையின் ரப்பர் விளிம்பில்) பட்டுத் திரும்பி, உங்கள் பக்கக் குஷனை ஒட்டி நிற்கும்படி ஒரு பந்தை மெல்ல அடியுங்கள். எதிர்க் குஷனை விட்டதிலிருந்து நிற்கும்வரை எத்தனை வினாடி என்று செல்போனில் பாருங்கள். ஒன்பதடி மேசையில், உருளல் உராய்வு 0.01 என்றால், சுமார் 7 வினாடி ஆகும். துணி கனமாக இருந்தால் அதே தூரத்துக்கு நேரம் குறையும். வேகமாகப் புறப்பட்டு சீக்கிரம் அடங்குவதால் இப்படி. தினமும் இதை நோட்டில் குறித்துவைத்தால் ஆடி மாத மேசையும் மாசி மாத மேசையும் எவ்வளவு வேறு என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

ஸ்னூக்கரின் விதிகள் எழுதி மாட்டப்பட்டது நம் ஊட்டி கிளப்பில். அப்படியிருந்தும் நம் கல்லூரி ஆய்வகங்கள் உருளும் பந்தைச் சீண்டுவது அபூர்வம். கோடு போட்ட ஒரு பந்தும் ஸ்லோமோஷன் எடுக்கும் செல்போனும் இருந்தால் 5/7-ஐ மாணவர்கள் கண்ணால் பார்த்துவிடுவார்கள். ஆய்வக நிதியில் சிறு துளி இதற்குப் போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பயிற்சிக்கு வருவோம். முதலில் நிறுத்தும் அடி. கலர் பந்தைப் பாக்கெட்டுக்கு நேராக வைத்து, வெள்ளைப் பந்தை அதே கோட்டில் 30 செ.மீ. தள்ளி வையுங்கள். பிறகு 60, 90, 120. அடிக்கும் வேகத்தை மாற்றாமல் டிப்பின் உயரத்தை மட்டும் மாற்றுங்கள். வெள்ளை முன்னால் நகர்ந்தால் சுழல் முன்னதாகவே தீர்ந்துவிட்டது, இன்னும் கீழே அடிக்க வேண்டும். பின்னால் வந்தால் கீழே போனது அதிகம். பக்கவாட்டில் விலகினால் சுழலைக் குறை சொல்லாதீர்கள், குறி தப்பியிருக்கிறது. 14 மி.மீ.யும் போதாத தூரம் வரும்போது மட்டும் வேகத்தைக் கூட்டுங்கள். கீழே அடிப்பதற்காகக் கியூவின் பின்முனையைத் தூக்குவது பலர் செய்யும் தவறு. மேசைமேல் ஊன்றிய கையைத் தாழ்த்துங்கள், கியூ கிடைமட்டமாகவே இருக்கட்டும். பந்தைத் தொடும் முன்பே பின்கை முழங்கை இறங்கினால் டிப் மேலே ஏறி, கீழே அடிப்பதாக நினைத்து மையத்தில் அடிப்பீர்கள்.

அடுத்தது கோணம். பாதிப் பந்து அளவுக்குச் சாய்வாக (வெள்ளையின் மையம் கலர் பந்தின் விளிம்பை நோக்கிப் போக) மோதும்படி இரண்டையும் வைத்து, ஒவ்வொரு முறையும் அதே பாக்கெட்டில் அதே பந்தைப் போடுங்கள். சுழலின்றிச் சறுக்கிவந்த வெள்ளை, கலர் பந்தின் பாதைக்கு 90 பாகையில் பிரியும். உருண்டுவந்ததோ முதலில் அந்தத் திசையில் கிளம்பி, பரவளையமாக வளைந்து, தன் பழைய பாதையிலிருந்து ஏறத்தாழ 34 பாகையில் போகும். மோதலுக்குப் பிந்தைய வேகத்தில் 5/7 பங்கும், அது சுமந்துவந்த உருளலில் 2/7 பங்கும் சேர்ந்ததுதான் அந்தத் திசை. பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ் 1835-லேயே இந்தப் பரவளையத்தைக் கணக்கிட்டு வெளியிட்டார். கால் பந்திலிருந்து முக்கால் பந்து வரை எவ்வளவு மோதினாலும் இந்தக் கோணம் 27-க்கும் 34-க்கும் நடுவிலேயே இருக்கும். ஆட்டக்காரருக்கு இதைவிட நல்ல வரம் வேறில்லை. அடிக்கும் முன் ஓர் ஏ4 தாளை மேசையில் விரியுங்கள், வெள்ளை அதன்மேல் நிற்க வேண்டும். ஒருமுறை 90 பாகைப் பாதையில், ஒருமுறை 34 பாகைப் பாதையில், பிறகு இரண்டுக்கும் நடுவே என்று தாளை மாற்றிக்கொண்டே இருங்கள். பக்கச் சுழலை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

மூன்றாவதாக, மூன்று பந்துகளைக் கண்டபடி சிதறவிட்டு, வெள்ளையை விரும்பிய இடத்தில் வைத்துத் தொடங்குங்கள். கடைசிப் பந்து எது, அதற்கு வாகாக நிற்க முந்தைய பந்தை எங்கிருந்து அடிக்க வேண்டும் என்று பின்னிருந்து யோசியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் வெள்ளை நிற்கப்போகும் இடத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். பந்து விழுந்தும் வெள்ளை அங்கே வராவிட்டால் அது தோல்விதான், மறுபடி முதலிலிருந்து.

கவனம் சிதறாமல் இருக்க இந்த வாய்விட்டுச் சொல்வதே முக்கிய வழி. சொல்லாமல் அடித்தால் கண் விழுகிற பந்தின் பின்னால் போய்விடும், வெள்ளை எங்கே நின்றாலும் "பரவாயில்லை" என்று தோன்றும். சொல்லிவிட்டு அடித்தால், சொன்ன இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் உள்ள இடைவெளியை மூளை தானாகவே அளந்துகொள்ளும். முடிவுகளை நிமிர்ந்து நிற்கும்போதே எடுத்துவிடுங்கள். குனிந்த பிறகு சந்தேகம் வந்தால் எழுந்துவிடுங்கள். கடைசி வீச்சுக்கு முன் பார்வையைக் கலர் பந்தில் ஊன்றி நிறுத்துங்கள். பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர்களை வைத்து 2002-ல் வெளியான ஆய்வில், தேர்ந்தவர்களின் கண் குறியில் மற்றவர்களைவிட நீண்ட நேரம் அசையாமல் நின்றது.

ஒரே அடியை நாற்பது முறை அடிப்பதைவிட, மூன்று பயிற்சிகளையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். 1979-ல் ஆய்வாளர்கள் ஷியாவும் மார்கனும் கை அசைவுகளைக் கொண்டு நடத்திய சோதனையில், கலந்து பழகியவர்கள் பழகும்போது தடுமாறினார்கள், ஆனால் பிறகு சோதித்தபோது அவர்களிடமே கற்றது தங்கியிருந்தது. இடத்தைச் சொல்லாமலே தொடர்ந்து இரண்டு அடி அடித்துவிட்டால் கவனம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அன்றைக்குப் பந்துகளைத் துடைத்து வைத்துவிட்டுக் கிளம்பலாம்.