அனஸ்தீசியா டிகிரி சேர்ற பொண்ணுக்கு மாசம் 1,000 ரூபா, விட்டுடாதீங்க

குடியாத்தத்துல எங்க பக்கத்து ஊட்டு பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிட்டு வந்து, அக்கா எனக்கு ஆபரேஷன் தியேட்டர்ல வேலை செய்யணும்னு ஆசை ஆனா நீட் எழுதலியேனு கண்ணு கலங்குச்சு. நீட் இல்லாமயே பி.எஸ்சி ஆபரேஷன் தியேட்டர் அனஸ்தீசியா டெக்னாலஜி, அதாவது ஆபரேஷன்ல மயக்க மருந்து குடுக்கறப்ப கூட நின்னு உதவற படிப்பு இருக்கு, ஃபிசிக்ஸ் கெமிஸ்ட்ரி பயாலஜி படிச்சிருந்தா போதும், அரசு ஒதுக்கீட்டு சீட்டு இதுவரைக்கும் ப்ளஸ் டூ மார்க்க வச்சு கவுன்சிலிங்லதான் குடுக்கறாங்க. மூணு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப்.

மயக்க மருந்து டாக்டர் ஆகறது வேற, அதுக்கு எம்பிபிஎஸ் முடிச்சு மேல படிக்கணும். இந்த டிகிரி படிச்சவங்க அந்த டாக்டருக்கு வலது கை. காலைல மொத கேஸ் வர்றதுக்கு முன்னாடியே ஆக்சிஜன் பிரஷர் பாத்து, தொண்டைக்குள்ள பாக்கற லாரிங்கோஸ்கோப்போட லைட் எரியுதானு பாத்து, வெளிய விடற மூச்சுல இருக்கற கார்பன் டை ஆக்சைட உறிஞ்சற சோடா லைம் கலர் மாறியிருந்தா மாத்தி, மூச்சுக்குழாய்ல போடற டியூப சைஸ் வாரியா எடுத்து வைக்கறது இவங்க பொறுப்பு. அதுல ஒண்ணு தவறினா உசுரு விஷயம்.

இப்ப காசுக்கு வர்றேன். ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணுன்னா புதுமைப் பெண் திட்டத்துல படிப்பு முடியற வரைக்கும் மாசம் 1,000 ரூபா அவ பேங்க் அக்கவுண்டுக்கே வரும். 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது, பின்னாடி அரசு உதவி பெறும் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்சவங்களையும் சேத்துட்டாங்க. பையன்னா 2024 ஆகஸ்ட்ல வந்த தமிழ்ப் புதல்வன், அதே 1,000. வேற ஸ்காலர்ஷிப் வாங்கினா இது கிடைக்காதுனு யாரோ சொன்னாங்கனு அந்த பொண்ணோட அம்மா பயந்தாங்க, அப்படி இல்லவே இல்ல, ரெண்டும் வாங்கலாம். அவங்க பீடி சுத்தறவங்க, பீடி கார்டு வச்சிருக்காங்க, அதுக்கே புள்ளைங்க படிப்புக்கு மத்திய அரசு தனியா உதவித்தொகை தருது, வருஷா வருஷம் நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல போடணும். நம்ம பக்கம் எத்தன ஊட்ல கார்டு பொட்டிக்குள்ளயே கெடக்குதுனு நெனச்சா வயிறு எரியுது.

இந்த மாசம் 1,000 ரூபாய வாங்கித் தர்றேன்னு வர்ற புரோக்கர் யாருக்கும் காசு குடுக்காதீங்க, சேந்த காலேஜ்லயே இதுக்குனு ஒருத்தர் இருப்பாரு, அவருகிட்ட கேட்டு அங்கயே அப்ளை பண்ணணும். ஆதார் லிங்க் ஆன அக்கவுண்ட் பொண்ணு பேர்ல இருக்கணும். ஸ்கூல்ல டிசி வாங்கப் போறப்பவே எமிஸ் நம்பரையும் (ஸ்கூல்ல ஒவ்வொரு புள்ளைக்கும் குடுக்கற அடையாள நம்பர்) கேட்டு எழுதி வச்சுக்கோங்க.