கிராங்க் இறுகிவிட்டதா? சுத்தியலைக் கீழே வையுங்கள்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். தூத்துக்குடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் எனக்குத் தை பிறந்தால் இறுகிப்போன கிராங்க் வரும். பெடலைச் சைக்கிளின் நடு அச்சோடு, அதாவது ஆக்சிலோடு, இணைக்கும் இரும்புக் கைதான் கிராங்க்; சில சைக்கிளில் அது அலுமினியம். ஐப்பசி மழையோடு உப்பளத்தில் வேலை நின்றுவிடும். வேலைக்குப் போய்வந்த சைக்கிள் வீட்டுச் சுவரோரம் சும்மா நிற்கும். இரண்டு மூன்று மாதம் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து அதைத் தின்னும். மறுபடி எடுத்து மிதிக்கும்போது பெடல் பக்கம் ‘கடக் கடக்’ என்று சத்தம் வரும். கழற்றிப் பார்ப்போம் என்று ஆளாளுக்குச் சுத்தியலை எடுப்பார்கள். அதற்கப்புறம்தான் என்னிடம் வருவார்கள்.

உப்பளத்துக்குப் போகும் பழைய ரக சைக்கிளில் கிராங்கைப் பிடித்து வைத்திருப்பது காட்டர் பின், குறுக்கே ஆப்புபோல் இறங்கும் ஓர் ஆணி. இதற்குச் சுத்தியல் தேவைதான், ஆனால் அடிக்கிற விதம் இருக்கிறது. நட்டை முழுதாகக் கழற்றாமல், அதன் முகம் பின்னின் நுனியோடு சமமாக நிற்கும்வரை தளர்த்துங்கள். அப்போதுதான் அடி மரையில் படாது. அடிக்கும் இடத்துக்கு நேர் கீழே, கிராங்குக்கு முட்டுக்கொடுத்து ஓர் இரும்புக் குழாயைத் தரையில் நிறுத்துங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுக்க உள்ளே ஆக்சில் சுழல உதவும் பால்ஸுக்கும் (குண்டுகள்) அவை உட்காரும் கப்புக்கும் போகும். பின் கழன்றுவிடும், ஆனால் பெடல் சுற்றும்போது கரகரவென்று இருக்கும். கனமான சுத்தியலால் அழுத்தமாக ஒரே அடி. பயந்து பயந்து இருபது அடி அடித்தால் பின் தலை கொண்டை போட்டு இன்னும் இறுகிவிடும். அப்படி ஆகிவிட்டால் நடுவில் புள்ளி குத்தி டிரில் போடுவதுதான் வழி. புதுப் பின் போடும்போது ஒரு பக்க நட் மேலே பார்த்தால் மறுபக்க நட் கீழே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பெடலும் ஒரே நேர்கோட்டில் நிற்காது.

தலைவலி அதிகம் கொடுப்பது கியர் சைக்கிள்தான். அதில் ஆக்சிலின் நுனி சதுரம், அதுவும் லேசாகக் கூம்பிய சதுரம். ஆக்சில் இரும்பு, கிராங்க் பெரும்பாலும் அலுமினியம். இந்த இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். உலோகத்தைவிட அந்தப் பொடி அதிக இடம் பிடிக்கும். அதனால் ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும்.

இந்தத் தையில் ஒரு கல்லூரித் தம்பி வந்தான். கிராங்கை இழுத்துக் கழற்றும் கருவியான கிராங்க் புல்லரை இணையத்தில் வாங்கி, வீடியோ பார்த்து முயன்றிருக்கிறான். போல்ட்டைக் கழற்றியவன் அதன் அடியில் இருந்த வாஷரை எடுக்கவில்லை. புல்லரின் வெளிப்பகுதி கிராங்கின் 22 மில்லிமீட்டர் மரையில் ஏறும், உள் தண்டு ஆக்சிலைத் தள்ளும். அதுதான் கணக்கு. வாஷர் உள்ளே இருந்தால் தண்டு ஆக்சிலைத் தொடவே தொடாது. வாஷர் வழியாகக் கிராங்கையே உள்ளே தள்ளும். மரை கிராங்கை வெளியே இழுக்க, வாஷர் அதையே உள்ளே அழுத்த, இரண்டுக்கும் நடுவில் மாட்டி மரை வழித்துக்கொண்டு வந்துவிட்டது. மரை கழன்றவன் என்று மனிதரைச் சொன்னாலாவது சிரித்துவிட்டுப் போகலாம். கிராங்குக்கு மரை போனால் பிடித்து இழுக்க வேறு பிடியே கிடையாது.

ஆகவே வேலையைத் தொடங்குமுன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். 14 மில்லிமீட்டர் சாக்கெட்டால் அல்லது 8 மில்லிமீட்டர் எல்லன் கீயால் போல்ட்டைக் கழற்றுங்கள். இரண்டு பக்க போல்ட்டும் இடப்புறமாகச் சுற்றினால் கழலும். எதிர்த்திசையில் சுற்ற வேண்டியது இடது பெடல் மட்டும்தான். இதில் குழம்பி போல்ட்டை இன்னும் இறுக்கிவிட்டு வருபவர்கள் உண்டு. வாஷரை எடுத்துவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் கொண்டு மரையில் இருக்கும் மண்ணைத் துடையுங்கள். புல்லரின் உள் தண்டை நன்றாகப் பின்னுக்கு எடுத்துவிட்டு, வெளிப்பகுதியைக் கையாலேயே கடைசிவரை ஏற்றுங்கள். கை மறுத்தால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். கழற்றி மறுபடி ஏற்றுங்கள், ஸ்பேனரால் திணிக்க வேண்டாம். இரண்டு சுற்று மரையில் தொங்கிக்கொண்டு இழுத்தால் அந்த இரண்டு சுற்றும் பிய்ந்துகொண்டு வரும். ஆக்சில் சதுரமாக இல்லாமல் பல் பல்லாக, நடுவில் பெரிய ஓட்டையோடு இருந்தால் அதற்குப் பெரிய முனை உள்ள புல்லர் வேண்டும்.

இன்னொன்று. ஸ்பேனரைப் பிடிக்குமுன் சங்கிலியைப் பெரிய பல்சக்கரத்தில் ஏற்றிவிடுங்கள். இறுகியது திடீரென்று விடும்போது கை நேராகப் பல்லில்தான் போய் விழும். என் வலது உள்ளங்கையில் மூன்று புள்ளி வரிசையாக இருக்கிறது, இருபது வருடத் தழும்பு.

முதல் முயற்சியில் வரவில்லை என்றால் ஸ்பேனரில் குழாய் மாட்டி நீட்டாதீர்கள். துரு இளக்கும் எண்ணெயை ஆக்சிலும் கிராங்கும் சேரும் இடத்தில் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் புல்லரை இறுக்கிய நிலையில் கிராங்கின் பக்கவாட்டில் லேசாகத் தட்டிப் பாருங்கள். அப்படியும் அசையவில்லையா? கொதிக்கும் தண்ணீரைக் கிராங்கின்மேல் ஊற்றி உடனே இறுக்குங்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான், ஆனால் பல தடவை அதுவே போதும். ஆக்சிலும் சூடாகிவிட்டால் பயனில்லை என்பதால் நின்று யோசிக்க நேரம் கிடையாது. எண்ணெய் விட்ட இடத்தில் நெருப்பு காட்டவே காட்டாதீர்கள்.

போல்ட்டைத் தளர்த்திவிட்டு நாலு ரவுண்டு ஓட்டினால் கிராங்க் தானே இளகும் என்று சிலர் சொல்வார்கள். இளகும், உண்மைதான். கூடவே மெத்தென்ற அலுமினியத்தின் சதுர ஓட்டை உருண்டையாகிவிடும். ‘கடக்’ சத்தத்தோடு மாதக்கணக்கில் ஓட்டினாலும் இதே கதி. தூக்கிப் போடப்போகும் கிராங்க் என்றால் மட்டும் அதைச் செய்யுங்கள், அதுவும் வண்டி வராத சந்தில்.

மரை போன அந்தத் தம்பியின் கிராங்குக்கு, கொக்கியால் பிடித்து இழுக்கும் பேரிங் புல்லர் மாட்டினேன், கொக்கி வழுக்கியது. கடைசியில் ஆக்சா பிளேடுதான். கிரைண்டர் வேகமாக வெட்டும், ஆனால் அலுமினியம் தகட்டில் அப்பிக்கொள்ளும். கொஞ்சம் கை தவறினால் ஆக்சிலும் போகும். ஆக்சிலுக்கு ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து அறுத்து, வெட்டில் உளி வைத்துப் பிளந்தேன். முக்கால் மணி நேரம், கண்ணாடி போட்டுக்கொண்டு.

புதுக் கிராங்க் ஏற்றும்போது சதுரத்தில் மெல்லியதாகக் கிரீஸ் தடவினேன். கூடாது என்பவர்களும் உண்டு. கடற்கரை ஊரில் நான் தடவத்தான் செய்வேன். போல்ட்டுக்கு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வேண்டும். 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியை 20 கிலோ எடைக்கு இழுத்தால் சுமார் 40 வரும். ஒரு மாதம் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு பிடி பிடிக்க வரச் சொல்லியிருக்கிறேன். மழைக்கு முன்னால் வருடம் ஒரு தடவை கழற்றித் துடைத்து மாட்டினால் போதும். அப்புறம் போல்ட்டின்மேல் போடுகிற அந்தச் சின்ன பிளாஸ்டிக் மூடி. எங்கோ விழுந்துவிட்டது என்று எல்லோரும் அலட்சியமாகச் சொல்வார்கள். மரைக்குள் மண் போகாமல் காப்பது அதுதான், புதிது கேட்டு வாங்கிப் போடுங்கள்.